மாணவர்களுக்காக, மாணவர்களோடு: பேசிக் மொழி பிறந்த கதை

நீங்கள் ஒரு நிரல் எழுதுகிறீர்கள். அதில் ஒரு காற்புள்ளி விடுபட்டுவிட்டது. அந்தப் பிழையைக் கணினி உங்களுக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இன்று பள்ளிக் கணினிக் கூடத்தில் பைத்தன் எழுதும் மாணவருக்கு ஒரு விநாடிகூட ஆகாது. சிவப்பு எழுத்தில் செய்தி வந்துவிடும். ஆனால், 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் இருந்தவர்களுக்கு அதே செய்தி வந்து சேர இரண்டு வாரம் ஆனது. அந்தச் செய்தி கம்பி வழியாக வரவில்லை. ரயிலில் வந்தது.

அந்த இரண்டு வாரத்தைச் சில விநாடியாகக் குறைத்தவர்கள் யார்? பெரிய கணினி நிறுவனம் அன்று. கணிதம் கற்பித்த இரண்டு ஆசிரியர்களும் அவர்களுடைய மாணவர்களுமே அதைச் செய்தார்கள். அந்த முயற்சியில் பிறந்ததுதான் பேசிக் என்னும் கணினி மொழி. உங்கள் பெற்றோர் தலைமுறையில் கணினியைத் தொட்ட பலருக்கு அதுதான் முதல் மொழி.

ரயிலில் போன நிரல்

டார்ட்மத் கல்லூரி நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், ஹனோவர் என்ற சிற்றூரில் இருக்கிறது. 1959 வரை அங்கே கணினி கிடையாது. அருகில் இருந்த பெரிய கணினி, பாஸ்டனை ஒட்டியுள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் 704. தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் நிரலைத் திரையில் எழுத முடியாது. ஒவ்வொரு வரியையும் ஒரு தடித்த அட்டையில் துளைகளாகப் பதிக்க வேண்டும். நூறு வரி என்றால் நூறு அட்டை. டார்ட்மத்தில் யார் நிரல் எழுதினாலும் அந்த அட்டைகள் ஒரு பெட்டியில் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாமஸ் கர்ட்ஸ் என்ற இளம் கணித ஆசிரியர் அந்தப் பெட்டியோடு அதிகாலை ரயில் ஏறுவார். எம்.ஐ.டி.யில் அட்டைகளைக் கொடுப்பார். கணினி இயக்குநர்கள் அவற்றை ஓட்டுவார்கள். அச்சாகி வந்த தாள்களோடு கர்ட்ஸ் மாலை ரயிலில் திரும்புவார்.

தாளில் விடை இருந்தால் நல்லது. 'பிழை' என்று இருந்தால், திருத்திய அட்டை அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதாவது, இன்னும் இரண்டு வாரம்.

இப்படிப் பலருடைய வேலைகளை ஒன்றாகக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதைத் தொகுதி முறை என்பார்கள். அன்று உலகமெங்கும் இதுதான் வழக்கம். கணினியின் விலை மிக அதிகம். அதனால் இயந்திரம் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக்கூடாது என்று எல்லாரும் நினைத்தார்கள். மனிதன் காத்திருக்கலாம், இயந்திரம் காத்திருக்கக்கூடாது. அந்தக் காலத்தின் கணக்கு அப்படி.

அந்தக் கணக்கு முழுவதும் சரியில்லை என்பதைக் கர்ட்ஸ் தம் அனுபவத்திலேயே கண்டார். ஒரு கணக்கிற்கான நிரலை அவர் முதலில் இயந்திர மொழிக்கு நெருக்கமான குறியீடுகளில் எழுதினார். நீண்ட நாள் உழைத்தும், கணினியின் விலைமதிப்பற்ற நேரத்தைச் செலவழித்தும், அது சரியாக ஓடவில்லை. பிறகு, அப்போது புதிதாக வந்திருந்த ஃபோர்ட்ரான் என்னும் உயர்நிலை மொழியில் அதையே எழுதினார். சில நிமிடங்களில் விடை வந்துவிட்டது. மனிதனுக்கு எளிதான மொழி, இயந்திரத்தின் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது! இந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை.

ஐன்ஸ்டைனின் உதவியாளர்

கர்ட்ஸை டார்ட்மத்துக்கு அழைத்து வந்தவர் ஜான் கெமெனி. 1926இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். யூதக் குடும்பம். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும், அடுத்து என்ன நடக்கும் என்று உணர்ந்த தந்தை அமெரிக்காவுக்குச் சென்றார். 1940இல் குடும்பமும் பின்தொடர்ந்தது. நியூயார்க் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது கெமெனிக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால், படித்து முன்னேறி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தார்.

1945இல், 19 வயதில், அவர் லாஸ் அலமோஸுக்கு அனுப்பப்பட்டார். அணுகுண்டுத் திட்டம் நடந்த இடம் அது. அங்கே கணினி இல்லை. அலுவலகக் கணக்கு வேலைக்காகச் செய்யப்பட்ட ஐபிஎம் இயந்திரங்களை வரிசையாக வைத்து, அட்டைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கையால் மாற்றி, இரவு பகலாகக் கணக்குப் போட்டார்கள். ஒரு சமன்பாட்டுக்கு விடை காண இரண்டு மூன்று வாரம் பிடித்தது. பின்னாளில் கெமெனி ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: லாஸ் அலமோஸில் தாங்கள் ஓராண்டு பட்ட பாட்டை, டார்ட்மத்தின் ஒரு மாணவர் ஒரு பிற்பகலில் செய்து முடித்துவிட முடியும். அதுவும், வேறு பலர் அதே கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே!

போருக்குப் பிறகு கெமெனி முனைவர் பட்டத்துக்குப் படித்தார். அந்த நாள்களில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகவும் இருந்தார். 23 வயதில் முனைவரானார். 1953இல் டார்ட்மத்துக்கு வந்தார். சில ஆண்டுகளில் கணிதத் துறையின் தலைவரானார்.

நூலகம் போல ஒரு கணினி

கெமெனிக்கும் கர்ட்ஸுக்கும் ஒரு கேள்வி எழுந்தது. டார்ட்மத் மாணவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான் அறிவியலும் பொறியியலும் படித்தார்கள். மீதி முக்கால்வாசிப் பேர் வரலாறு, இலக்கியம், பொருளியல், அரசியல் போன்ற துறைகளில் இருந்தார்கள். நாளை நிறுவனங்களையும் அரசு அலுவலகங்களையும் நடத்தப்போகிறவர்களில் பலர் இந்த முக்கால்வாசியிலிருந்துதான் வருவார்கள். கணினியைப் பற்றி முடிவெடுக்கும் அவர்கள், கணினியையே தொடாமல் பட்டம் பெற்றுப் போனால் எப்படி?

ஆகவே, எல்லா மாணவர்களும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி நூலகம். நூலகத்துக்குள் நுழைய யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அலமாரியில் நீங்களே புத்தகத்தை எடுக்கலாம். எடுத்த புத்தகத்துக்குக் கட்டணம் இல்லை. கணினியும் அப்படி இருக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அன்றைய கணினி ஒரு பூட்டிய அறை. உள்ளே நுழைய இயக்குநருக்கு மட்டுமே அனுமதி. அதில் ஆயிரக்கணக்கான மாணவர்களை எப்படி விடுவது?

சிறிய கணினி கொடுத்த நம்பிக்கை

1959இல் டார்ட்மத்துக்கு எல்ஜிபி-30 என்ற சிறிய கணினி வந்தது. பெரிய மேசை அளவு. சுழலும் காந்த உருளைதான் அதன் நினைவகம். அதில் 4,096 சொற்கள் மட்டுமே அடங்கும். கணினியில் 'சொல்' என்றால் ஓர் எண்ணோ கட்டளையோ வைக்கும் ஓர் இடம். இன்று உங்கள் திறன்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதற்குள் அடங்காது.

அந்தக் கணினியில் மாணவர்களைத் தாராளமாக விளையாட விட்டார்கள். நடந்தது ஆச்சரியம். ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் கூடி வடிவமைத்த அல்கால் என்ற மொழியை, இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவர்கள் சிலர் இந்தக் குட்டிக் கணினியில் ஓடவைத்துவிட்டார்கள். கெமெனியும் ஒரு மாணவரும் சேர்ந்து, தொடக்க நிலையினருக்காக டோப் என்ற மிக எளிய மொழி ஒன்றையும் 1962இல் சோதித்துப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை, ஆனால், பேசிக்கிற்கு அது ஒரு முன்னோட்டம்.

இதிலிருந்து இரு ஆசிரியர்களும் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். வாய்ப்புக் கொடுத்தால், மாணவர்களால் கணினியைப் பயன்படுத்த மட்டுமல்ல, உருவாக்கவும் முடியும்.

அறுபது ரொட்டியும் இரண்டு ரொட்டியும்

அந்தச் சமயத்தில் ஒரு நல்ல யோசனை கிடைத்தது. அதைச் சொன்னவர் ஜான் மெக்கார்த்தி. முன்பு டார்ட்மத்தில் பணியாற்றி, பிறகு எம்.ஐ.டி.க்குச் சென்றவர், செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்குப் பெயர் வைத்தவரும் இவர்தான். நேரப் பகிர்வு முறையை முயன்று பாருங்கள் என்று அவர் கர்ட்ஸிடம் கூறினார்.

நேரப் பகிர்வு என்றால் என்ன? நம் ஊர் உணவகத்தில் ரொட்டி சானாய் போடுபவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் வந்து வீட்டு விருந்துக்கு அறுபது ரொட்டி கேட்கிறார். அவருக்குப் பின்னால் நீங்கள் இரண்டு ரொட்டிக்கு நிற்கிறீர்கள். அறுபதையும் முடித்துவிட்டுத்தான் உங்களைப் பார்ப்பேன் என்றால், அது தொகுதி முறை. ஆனால், விவரமான ரொட்டிக்காரர் என்ன செய்வார்? அறுபதில் நான்கைப் போட்டுவிட்டு, உங்கள் இரண்டைப் போட்டுக் கொடுத்து அனுப்புவார். அடுத்தவருக்கு ஒன்று. மறுபடி அறுபதில் நான்கு. விருந்துக்காரருக்குச் சற்றே தாமதம்; மற்ற எல்லாருக்கும் உடனடி ரொட்டி.

கணினியும் அப்படியே. ஒவ்வொருவருடைய நிரலுக்கும் சில விநாடி கொடுக்கும். முடியாவிட்டால் அதை வட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்தவருடையதை எடுக்கும். மாணவர்களின் நிரல்கள் பெரும்பாலும் சிறியவை. முதல் முறையிலேயே முடிந்துவிடும். ஆகவே, ஒவ்வொருவருக்கும் கணினி தனக்காகவே காத்திருப்பது போலத் தோன்றும்.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு கணினிகளைச் சேர்த்து இதைச் செய்யத் திட்டமிட்டார்கள். ஜிஇ-225 கணக்குப் போடும். டேட்டாநெட்-30 என்ற இன்னொரு கணினி, தொலைவில் இருக்கும் தட்டச்சுக் கருவிகளோடு பேசி, யாருடைய முறை என்று பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வட்டு.

பணத்துக்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையை நாடினார்கள். விண்ணப்பத்தைப் பார்த்த மதிப்பீட்டாளர்களுக்குச் சந்தேகம். நேரப் பகிர்வு அன்று மிகக் கடினமான வேலை. பெரிய ஆய்வுக்கூடங்களே தேர்ந்த வல்லுநர்களை வைத்து அதனோடு மல்லாடிக்கொண்டிருந்தன. இவர்களோ இளநிலை மாணவர்களை வைத்து அதைச் செய்யப் போவதாக எழுதியிருந்தார்கள்! எனினும், நிதி கிடைத்தது.

மொழியின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காரணம்

அடுத்த கேள்வி: மாணவர்கள் எந்த மொழியில் எழுதுவது? ஃபோர்ட்ரானிலோ அல்காலிலோ ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டால் போதும் என்று கர்ட்ஸ் முதலில் எண்ணினார். புதிய மொழிதான் வேண்டும் என்றார் கெமெனி. கெமெனி சொன்னதே நின்றது. ஏன் என்று பார்ப்போம்.

ஃபோர்ட்ரானில் ஒரு மாறியின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதை வைத்து, அது முழு எண்ணா, தசம எண்ணா என்று கணினி முடிவு செய்யும். முழு எண் என்றால், ஒன்றை இரண்டால் வகுத்தால் 0.5 வராது, 0 வரும்! பொறியியலாளருக்கு இது பழகிவிடும். வரலாறு படிக்கும் மாணவருக்கு? பேசிக்கில் அந்தத் தொல்லையே இல்லை. எல்லாம் வெறும் எண்கள்தான்.

ஃபோர்ட்ரானில் விடையை அச்சிட வேண்டுமானால், எத்தனை இடம், எத்தனை தசமம் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். பேசிக்கில் 'பிரிண்ட்' என்றால் போதும். எப்படி அச்சிடுவது என்பது கணினியின் கவலை.

ஒன்றிலிருந்து பத்து வரை இரண்டிரண்டாகப் போ என்று சொல்ல, ஃபோர்ட்ரானில் மூன்று எண்களைக் காற்புள்ளியிட்டு அடுக்க வேண்டும். எது தொடக்கம், எது முடிவு, எது இடைவெளி என்று நினைவில் வைக்க வேண்டும். பேசிக்கில் 'ஃபார் எக்ஸ் = 1 டு 10 ஸ்டெப் 2'. வாசித்தாலே புரிகிறது அல்லவா?

கணினியோடு வேலையைத் தொடங்க 'ஹலோ' என்று தட்ட வேண்டும். நிரலை ஓட்ட 'ரன்'. பழைய நிரலை எடுக்க 'ஓல்டு'. புதிதாகத் தொடங்க 'நியூ'. எல்லாம் ஆங்கிலம் பேசும் ஒருவர் நாள்தோறும் பயன்படுத்தும் சொற்கள். கணினிப் பாடம் படித்தவருக்கு மட்டுமே விளங்கும் சொல்லைத் தவிர்ப்பது அவர்களுடைய கொள்கை.

பெயரிலேயே அந்த நோக்கம் இருந்தது. தொடக்க நிலையினருக்கான, எல்லாப் பயன்பாட்டுக்கும் உரிய, குறியீட்டுக் கட்டளை மொழி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பேசிக் என்று வரும்.

வரி எண் ஏன்?

பேசிக் நிரலைப் பார்த்தவர்கள் உடனே கேட்பது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஏன் 10, 20, 30 என்று எண் இருக்கிறது என்பதுதான். காரணம், அன்று மாணவர்களிடம் திரை இல்லை. டெலிடைப் என்ற கருவி இருந்தது. தந்தி அலுவலகங்களில் இருந்த தட்டச்சு இயந்திரத்தின் இனம் அது. விநாடிக்கு 10 எழுத்து வேகத்தில், பெரிய சத்தத்தோடு, தாள் சுருளில் அச்சடிக்கும்.

தாளில் அச்சானதை அழிக்க முடியாது. மேலே போய் நடுவில் ஒரு வரியைச் செருகவும் முடியாது. பிறகு எப்படித் திருத்துவது? இந்த நிரலைப் பாருங்கள். உண்மையில் இது ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கும். இங்கே ஒலிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன்.

10 லெட் எஸ் = 0
20 ஃபார் எக்ஸ் = 1 டு 100
30 லெட் எஸ் = எஸ் + எக்ஸ்
40 நெக்ஸ்ட் எக்ஸ்
50 பிரிண்ட் எஸ்
60 எண்ட்

20க்கும் 30க்கும் நடுவில் ஒரு வரி விடுபட்டுவிட்டதா? 25 என்று எண்ணிட்டு அந்த வரியைத் தட்டினால் போதும். கணினி அதைத் தன் இடத்தில் வைத்துக்கொள்ளும். வரி 30 தவறா? 30 என்று மறுபடி தட்டினால், பழையது போய்ப் புதியது வரும். வரி 50 வேண்டாமா? வெறுமனே 50 என்று தட்டினால் அது நீங்கிவிடும். பத்துப் பத்தாக எண்ணிடும் பழக்கம், பின்னால் செருகுவதற்கு இடம் விடுவதற்காகத்தான். திரை இல்லாத காலத்தின் திருத்தும் கருவி இந்த வரி எண்.

கடிதமும் நீதிமன்றமும்

நாம் எழுதும் சொற்கள் கணினிக்குப் புரியாது. அதற்குத் தெரிந்தது இயந்திர மொழி மட்டுமே. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு.

ஒரு முழுக் கடிதத்தையும் மொழிபெயர்த்து, தட்டச்சு செய்து, கையில் கொடுப்பவர் ஒரு வகை. நீதிமன்றத்தில் சாட்சி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர் இன்னொரு வகை. கணினியில் முதல் வகையைக் கம்பைலர் என்றும், இரண்டாம் வகையை இண்டர்பிரட்டர் என்றும் சொல்வோம்.

பின்னாளில் வீட்டுக் கணினிகளில் வந்த பேசிக் பெரும்பாலும் இரண்டாம் வகை. அதனால், பேசிக் என்றாலே இண்டர்பிரட்டர் என்று பலர் எண்ணுகிறார்கள். டார்ட்மத்தின் முதல் பேசிக் அப்படியல்ல. அது ஒரு கம்பைலர். அதன் முதல் வடிவத்தை எழுதியவர் கெமெனியே. ஜிஇ-225 கல்லூரிக்கு வருவதற்கு முன்பே, 1963இல் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கம்பைலருக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. மற்ற இடங்களில் நிரலை மொழிபெயர்ப்பது தனி வேலை. மொழிபெயர்த்ததை ஓட்டுவது இன்னொரு வேலை. டார்ட்மத் மாணவருக்கோ அப்படி இரண்டு படிகள் இருப்பதே தெரியாது. 'ரன்' என்று தட்டுவார். கம்பைலர் நிரலை மேலிருந்து கீழாக ஒரே தடவை வாசித்து இயந்திர மொழிக்கு மாற்றும். உடனே அது ஓடும். வட்டில் சேமிக்கப்படுவது மாணவர் எழுதிய நிரல் மட்டுமே. மறுமுறை 'ரன்' என்றால் மறுபடி மொழிபெயர்ப்பு. அது அவ்வளவு விரைவாக நடந்ததால், மொழிபெயர்த்ததைச் சேமிக்கும் தேவையே வரவில்லை.

இந்த வேகத்துக்காகத்தான் மொழியையும் சிக்கனமாக வைத்தார்கள். மாறியின் பெயர் ஓர் எழுத்தாக இருக்கலாம், அல்லது ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாக இருக்கலாம். அவ்வளவுதான். 26 எழுத்துகள், அவற்றோடு 0 முதல் 9 வரை சேர்த்தால் 260, மொத்தம் 286 பெயர்கள். எந்தப் பெயருக்கு நினைவகத்தில் எந்த இடம் என்று தேடி அலையவே வேண்டாம்.

அதிகாலை 4 மணி

1964 பிப்ரவரியில் கணினிகள் வந்து இறங்கின. கல்லூரிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அவற்றை நிறுவினார்கள். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் பகலில் வகுப்பு, இரவில் கணினி என்று உழைத்தார்கள். மைக்கேல் புஷ், ஜான் மெக்கீச்சி என்ற இரு மாணவர்கள், நேரப் பகிர்வு நடப்பதற்கான நிரல்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு எழுதினார்கள். இரண்டு கணினிகளும் ஒன்றின் செய்தியை ஒன்று சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவருடைய நிரல் மற்றவருடையதோடு கலந்துவிடக்கூடாது. ஒரு சிறு பிழை இருந்தாலும் எல்லாரும் சேர்ந்து நின்றுபோவார்கள்.

1964 மே 1, அதிகாலை 4 மணி. அடுத்தடுத்து இருந்த இரண்டு டெலிடைப்புகளில் கெமெனியும் ஒரு மாணவரும் உட்கார்ந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் 'ரன்' என்று தட்டினார்கள். இரண்டிலும் சரியான விடை அச்சாகி வந்தது.

நேரப் பகிர்வும் பேசிக்கும் ஒன்றாக ஓடிய முதல் தருணம் அது. மதிப்பீட்டாளர்களின் சந்தேகத்துக்குப் பதில் அந்தத் தாள்களில் இருந்தது.

கல்லூரியைத் தாண்டி

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், முதலாண்டுக் கணித மாணவர்கள் சில மணி நேர விரிவுரையைக் கேட்டுவிட்டு, நேராக டெலிடைப்பில் உட்கார்ந்து நிரல் எழுதத் தொடங்கினார்கள். அனுமதி கேட்கத் தேவையில்லை, கட்டணம் இல்லை. புள்ளிவிவரப் பாடத்துக்கு எழுதினார்கள், விளையாட்டுகளும் எழுதினார்கள். விளையாடாதே என்று யாரும் தடுக்கவில்லை. விளையாட்டும் கணினியின் மீதிருக்கும் பயத்தைப் போக்கும் என்பது ஆசிரியர்களின் எண்ணம். தொலைபேசிக் கம்பி வழியாக அக்கம்பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளும் இணைந்தன. உங்கள் வயது மாணவர்கள், பல கிலோமீட்டர் தொலைவில் இருந்த கணினியோடு பேசினார்கள்.

பேசிக்கைப் பயன்படுத்தக் கெமெனியும் கர்ட்ஸும் யாரிடமும் காசு கேட்கவில்லை. ஆகவே, அது வேகமாகப் பரவியது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் டார்ட்மத் முறையை அடிப்படையாகக் கொண்டு வணிகச் சேவை நடத்தியது. 1968இல் சியாட்டில் நகரின் லேக்சைடு பள்ளி ஒரு டெலிடைப்பை வாங்கி அந்தச் சேவையில் இணைந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து பேசிக் கற்ற மாணவர்களில் இருவர் பில் கேட்ஸ், பால் ஆலன். 1975இல் ஆல்டேர் என்ற சிறிய கணினிக்கு அவர்கள் மான்டி டேவிடாஃப் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு பேசிக் எழுதினார்கள். 4,096 பைட்டுகளில் அதை அடக்கிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முதல் படைப்பு அதுதான்.

பிறகு ஆப்பிள் 2, டிஆர்எஸ்-80, கமடோர் 64 என்று வந்த வீட்டுக் கணினிகளில் மின்சுவிட்சைப் போட்டாலே பேசிக் தயாராக நிற்கும். கணினி வாங்கியவர் எல்லாரும் நிரல் எழுதவும் தொடங்கலாம் என்ற நிலை வந்தது.

குறை சொன்னவர்களும் உண்டு

பேசிக்கை எல்லாரும் பாராட்டவில்லை. நெதர்லாந்தின் புகழ்பெற்ற கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975இல் மிகக் கடுமையாக எழுதினார். பேசிக்கில் பழகிய மாணவருக்கு நல்ல நிரலாக்கம் கற்பிப்பது இயலாத காரியம் என்பது அவர் கருத்து. 'கோ டு' என்ற கட்டளையால் நிரலின் எந்த வரியிலிருந்தும் எந்த வரிக்கும் தாவலாம். அப்படித் தாவித் தாவி எழுதினால், சில நாள் கழித்து எழுதியவருக்கே தம் நிரல் புரியாது. சிக்கிய நூல்கண்டு மாதிரி ஆகிவிடும்.

இந்தக் குறையில் உண்மை உண்டு. கெமெனியும் கர்ட்ஸும்கூட, சிறிய கணினிகளுக்காக ஆளுக்கொரு விதமாக வெட்டிச் சுருக்கிய பேசிக் வகைகளைக் கண்டு வருந்தினார்கள். டார்ட்மத்தில் அவர்கள் தங்கள் மொழியை ஆண்டுதோறும் சீர்ப்படுத்தியே வந்திருந்தார்கள். 1980களில் ட்ரூ பேசிக் என்ற பெயரில், வரி எண் தேவைப்படாத செம்மையான வடிவத்தை வெளியிட்டார்கள். ஆனால், உலகம் அதற்குள் வேறு மொழிகளை நோக்கி நகரத் தொடங்கிவிட்டது.

அந்த நகர்வில் ஒரு சுவையான தொடர்பு இருக்கிறது. தொடக்க நிலையினருக்குப் பேசிக்கைவிட நல்ல மொழி வேண்டும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஏபிசி என்ற மொழியைச் செய்தார்கள். அந்தக் குழுவில் வேலை பார்த்த கைடோ வான் ரோசம், அந்த அனுபவத்தை வைத்துப் பின்னர் உருவாக்கிய மொழி 1991இல் வெளிவந்தது. அதன் பெயர் பைத்தன். இன்று உங்கள் பாடநூலில் இருக்கும் அதே பைத்தன்!

நமக்கு என்ன?

கெமெனி 1970 முதல் 1981 வரை டார்ட்மத் கல்லூரியின் தலைவராக இருந்தார். அந்தப் பொறுப்பிலும் வகுப்பெடுப்பதை அவர் விடவில்லை. 1992இல் மறைந்தார். கர்ட்ஸ் 2024 நவம்பரில் தம் 96ஆவது வயதில் மறைந்தார். இருவரும் பேசிக்கைக் கொண்டு பெரும் பணக்காரர் ஆகவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு: கணினி யாருக்கு உரியது?

அந்தக் கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. நம் எல்லார் கையிலும் இப்போது ஒரு கணினி இருக்கிறது. எல்ஜிபி-30ஐவிடப் பல இலட்சம் மடங்கு திறன் கொண்டது. ஆனால், அதில் நாம் பெரும்பாலும் மற்றவர் எழுதியதை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறோம். என் வகுப்பில், "சார், கணினி பாடம் எடுக்காதவர்களுக்கு நிரல் எதற்கு?" என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. கணக்காளராகவோ, செய்தியாளராகவோ, தாதியாகவோ ஆகப்போகிற ஒருவர்தான் நாளை ஏதோ ஒரு நிரல் தரும் முடிவை ஏற்பதா, மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஓரளவாவது தெரிந்தவரே அந்த நிரலைக் கேள்வி கேட்பார். கெமெனி அந்த முக்கால்வாசிப் பேரைப் பற்றிக் கவலைப்பட்டது இதற்காகத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். வல்லுநர்கள் தயங்கிய வேலையை முடித்தவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய மாணவர்கள். அவர்களுக்கு முன் அனுபவம் இல்லை. ஆனால், தொட்டுப் பார்க்க ஒரு கணினியும், தவறு செய்தால் திட்டாத ஆசிரியர்களும் இருந்தார்கள்.

செய்து பாருங்கள்

1. மேலே உள்ள ஆறு வரி நிரலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரி 20இல் 100க்குப் பதிலாக 5 என்று மாற்றுங்கள். நீங்களே கணினியாகி, ஒவ்வொரு வரியாக ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எஸ், எக்ஸ் இரண்டின் மதிப்பையும் அட்டவணையாக எழுதுங்கள். இறுதியில் 15 வர வேண்டும்.

2. 100 வரை கூட்டினால் என்ன வரும்? ஒவ்வொன்றாகக் கூட்டாமல் விடை காணும் வழியை உங்கள் கணித ஆசிரியரிடம் கேளுங்கள். விடை 5,050.

3. ஒற்றைப்படை எண்களை மட்டும் கூட்ட வேண்டும் என்றால், எந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும்? மாற்றும்போது, டெலிடைப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எழுதுங்கள்.

4. இதே நிரலைப் பைத்தனில் எழுதி ஓட்டுங்கள். எத்தனை வரி குறைந்தது? பேசிக்கில் இருந்த எது பைத்தனில் இல்லை? இரண்டிலும் பொதுவாக இருப்பது எது? ஒரு பட்டியல் போட்டு, பக்கத்தில் இருக்கும் நண்பரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.